பரிதிமாற் கலைஞர்: வகுப்பறைக்கு வந்த நாடகத் தமிழ்

ஆய்வுச் சுருக்கம்

வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் என்னும் பரிதிமாற் கலைஞர் (1870–1903) தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவ முனைந்த மொழியறிஞராகவே இன்று பெரிதும் அறியப்படுகிறார். நாடகம் இயற்றியவர், நாடகத்துக்கு இலக்கணம் வகுத்தவர், வேடம் புனைந்து நடித்தவர் என்னும் அவருடைய மறுபக்கம் கல்விப்புலத்தில் உரிய அளவு பேசப்படவில்லை. இம்மூன்று பணிகளையும் செய்தவர் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் என்பதே இக்கட்டுரை கருதும் செய்தி. மாணவரை நடிக்கச்செய்து கற்பிக்கும் படைப்பாக்க நாடக முறையோடு அவர் பணி எங்கே இணைகிறது, எங்கே விலகுகிறது என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றின் வழி ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பரிதிமாற் கலைஞர், நாடகவியல், மானவிசயம், படைப்பாக்க நாடகம், தமிழ் கற்பித்தல்.

முன்னுரை

வகுப்பறையில் நாடகத்தைக் கற்பித்தற் கருவியாகக் கொள்ளும் முறை பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் மேலைநாட்டு முன்னோடிகளிடமிருந்தே தொடங்குகின்றன. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியையாக இருந்த ஹாரியட் ஃபின்லே ஜான்சன் 1911இல் வெளியிட்ட நூல், கேம்பிரிட்ஜ் பெர்ஸ் பள்ளியின் கால்டுவெல் குக் 1917இல் எழுதிய நூல், அமெரிக்காவின் வினிஃப்ரெட் வார்டு 1930இல் எழுதிய நூல், பீட்டர் ஸ்லேடு 1954இல் எழுதிய நூல் என அவ்வரிசை நீளும். அவ்வரிசையில் பிழையில்லை. ஆயினும் இயல், இசை, நாடகம் என மொழியையே மூன்றாகப் பகுத்துக் கண்ட மரபில், அம்மூன்றாம் கூற்றை வகுப்பறையோடு பொருத்திப் பார்த்த தமிழாசிரியர் எவரேனும் இருந்தனரா என்னும் வினா அங்கே எழுவதே இல்லை. அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடைகளுள் காலத்தால் முற்பட்டதும் கனமானதும் பரிதிமாற் கலைஞரின் வாழ்க்கையே. முப்பத்து மூன்று ஆண்டுகளே நீடித்த வாழ்க்கை அது. அதில் ஆசிரியப்பணி ஏறத்தாழப் பத்தாண்டுகள்.

விளாச்சேரியிலிருந்து சென்னைக்கு

மதுரைக்கு அருகே, திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் 1870 சூலை 6ஆம் நாள் கோவிந்த சிவனார்க்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகச் சூரியநாராயணன் பிறந்தார். தந்தையாரிடம் வடமொழி கற்றார். மதுரையில் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டார். வடமொழிக் கல்வி நிலவிய அந்தணர் குடும்பத்தில் பிறந்த ஒருவர் தமிழையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டது அக்காலச் சூழலில் எண்ணிப் பார்க்கத்தக்கது. சபாபதி முதலியாரிடம் பெற்ற பயிற்சியே அதற்கு வித்திட்டது எனலாம்.

உயர்கல்விக்காகச் சென்னை சென்று கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் இல்லை. நகரின் நடுவே, உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம் இருந்தது. முதல்வர் வில்லியம் மில்லர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த கல்வியாளர். சேக்சுபியரின் துன்பியல் நாடகங்களை வகுப்பில் விரித்துரைப்பதில் பெயர்பெற்றவர். லியர், மாக்பெத், ஆம்லெட், ஒத்தெல்லோ ஆகிய நான்கினையும் வாழ்க்கைக்கு வழிகாட்டும் நூல்களாகக் கண்டு அவர் எழுதிய ஆய்வுகள் அச்சேறியுள்ளன. ஆங்கில வகுப்பில் நாடகமே தலைமைப் பாடம். தமிழ் வகுப்பிலோ நாடகம் என்று சொல்லிக் கொடுப்பதற்குத் தனி நூலே இல்லை. இவ்விரு வகுப்புகளிலும் அமர்ந்த ஒரு மாணவர்க்கு இவ்வேறுபாடு உறுத்தியிருக்கும் என்பதைப் பின்னாளில் அவர் எழுதிய நூல்களின் பட்டியலே உணர்த்தும்.

மாணவராக இருந்தபோது நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒரு செய்தியை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் தவறாமல் குறிப்பிடுகின்றன. மில்லர் தெனிசனின் கவிதையில் படகு செலுத்தப்படும் காட்சியை வியந்து விளக்கியபோது, அதற்கு ஈடான காட்சி கம்பரின் குகப் படலத்தில் உள்ளது எனச் சூரியநாராயணர் எழுந்து பாடிப் பொருள் கூறினாராம். தமிழ்ப் பெருமைக்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சி பெரிதும் எடுத்தாளப்படுகிறது. கற்பித்தல் நோக்கில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. கேட்டுக்கொண்டிருந்த மாணவர் எழுந்து நின்று பாடி, வகுப்பின் போக்கைச் சிறிது நேரம் தம் கையில் எடுத்துக்கொண்டார். ஆசிரியரும் அதற்கு இடம்கொடுத்தார்.

1892இல் இளங்கலைத் தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் பல்கலைக்கழக முதன்மை பெற்றுப் பாஸ்கர சேதுபதியின் பெயரிலமைந்த பொற்பதக்கத்தைப் பெற்றார். தத்துவத் துறையில் பணிவாய்ப்பு இருந்தும் தமிழ்த்துறையையே வேண்டிப் பெற்றார் என்பர். 1893இல் அதே கல்லூரியில் தமிழாசிரியரானார். 1895இல் துறையின் தலைமை அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து.

பாடம் கேட்டலும் பாடம் சொல்லுதலும்

அன்றைய தமிழ்க் கல்வி முறையைப் பாடம் கேட்டல் என்னும் தொடரே விளக்கிவிடும். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைச் சூழ்ந்து மாணவர் அமர்ந்து கேட்ட முறை அதன் உச்சம். அங்கே நினைவாற்றலும் இசையோடு படித்தலும் இருந்தன. ஆசிரியரின் குரலே நூலாக இருந்தது. ஆங்கிலக் கல்லூரிகளில் தமிழ் நுழைந்தபோது அந்தக் குரல் மறைந்து, பதவுரை எழுதுவிக்கும் பழக்கம் எஞ்சியது. கல்லூரித் தமிழாசிரியர் என்றால் மாணவர் ஏளனத்துக்கு உரியவர் என்னும் நிலையும் அக்காலத்தில் இருந்தது.

இந்நிலையைச் சாஸ்திரியார் மாற்றினார் என்பதில் வரலாற்று நூல்கள் ஒருமித்து உள்ளன. அவருடைய வகுப்புக்கு மாணவர் விரும்பி வந்தனர். பாடலை இசையோடு படிப்பதும், மெய்ப்பாடு தோன்ற உரைப்பதும், பாத்திரத்தின் நிலையில் நின்று பேசுவதும் அவர் முறை. வகுப்புக்கு வெளியே, ஆர்வமுள்ள மாணவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து ஊதியமின்றித் தமிழ் கற்பித்தார். அவர்களை இயற்றமிழ் மாணவர் எனப் பெயரிட்டு அழைத்தார். நாடகத் தமிழில் இத்துணை ஈடுபாடு கொண்டவர் தம் மாணவரை இயற்றமிழ் மாணவர் என்றே அழைத்தது கவனிக்கத்தக்க முரண். முத்தமிழுள் கற்பிப்பதற்கு உரியது இயல், நிகழ்த்துவதற்கு உரியவை ஏனைய இரண்டும் என்னும் பிரிவினை அவர் சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருந்தது போலும்.

நாடகச் சூழல்

அவர் கல்லூரி மாணவராக இருந்த 1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் திருப்புமுனையானது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அவ்வாண்டில் வெளிவந்தது. படித்து இன்புறுதற்குரிய நாடகமாகவே அது அமைந்தது. அதே ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். படித்தவர்களும் வழக்குரைஞர்களும் கூச்சமின்றி மேடையேறும் நிலை அதனால் உருவாயிற்று. உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக் கொண்டிருந்த சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத்துறைக்கு வந்ததும் ஏறத்தாழ அப்போதே. ஏட்டு நாடகம், பயில்முறை நாடகம், தொழில்முறை நாடகம் என மூன்று ஓடைகள் ஒரே காலத்தில் புறப்பட்டன எனலாம். நான்காவதாகக் கல்வி நாடகம் என ஒன்று உருவாகியிருக்கக்கூடும். அதற்கான முயற்சியாகவே சாஸ்திரியாரின் பணியை மதிப்பிட வேண்டும்.

சிறுவர் நாடகப் பயிற்சி என்ற அளவில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபை பின்னாளில் செய்த பணி பெரிது. 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை நாடகப்பள்ளியாகவே இயங்கியது. அங்கே ஆசிரியர்க்கு வாத்தியார் என்றே பெயர். எனினும் அங்கு நாடகமே முடிவு. கல்வி அதற்கான வழி. வகுப்பறையில் கல்வியே முடிவு, நாடகம் வழி. இவ்வேறுபாட்டை மறந்தால் இரண்டையும் தவறாக மதிப்பிட நேரும்.

நாடகவியல்

1892இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். மறைந்துபோன நாடகத் தமிழ் நூல்களின் பெயர்கள் அவ்வுரை வழியே கற்றோர்க்குத் தெரியவந்தன. பரதம், முறுவல், சயந்தம், செயிற்றியம், குணநூல், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என நீளும் அப்பட்டியல் இழப்பின் அளவையே காட்டிற்று. சாஸ்திரியார் தம் புதினத்துக்கு மதிவாணன் எனப் பெயரிட்டது தற்செயலானதாகத் தோன்றவில்லை.

அவ்விழப்பை ஈடுசெய்யும் முயற்சியாக 1897இல் அவர் நாடகவியல் என்னும் இலக்கண நூலை வெளியிட்டார். நூற்பா வடிவில் அமைந்த அந்நூலில் வடமொழி நாடக இலக்கணமும், அடியார்க்குநல்லார் உரை தரும் தமிழ்ச் செய்திகளும், ஆங்கில நாடகங்களின் அமைப்பும் கலந்து நிற்கின்றன. வடமொழிச் சார்பு மிகுதி, தமிழ்க் கூத்து மரபு பற்றிய செய்தி குறைவு என்னும் திறனாய்வு பொருத்தமானதே. தெருக்கூத்தைக் களஆய்வு செய்து இலக்கணம் வகுக்கும் எண்ணம் அக்காலக் கல்லூரி அறிஞர்க்கு எளிதில் தோன்றுவதன்று.

ஆனால் இந்நூலை வேறு கோணத்திலும் காண வேண்டும். அக்காலத் தமிழ்க் கல்வியில் ஒன்று பாடமாக வேண்டுமெனில் அதற்கு நூற்பா தேவை. நன்னூல் இருந்ததால் எழுத்தும் சொல்லும் பாடமாயின; தண்டியலங்காரம் இருந்ததால் அணி பாடமாயிற்று. நாடகத்துக்கு அத்தகைய நூல் இல்லை. எனவே அது கூத்தாடிகளின் தொழில் என ஒதுக்கப்பட்டது. நாடகவியல் மேடைக்காக எழுதப்பட்டதன்று. மேடைக் கலைஞர் அதைத் தேடிப் படித்ததாகவும் தெரியவில்லை. தமிழ்த்துறைக்குள் நாடகம் நுழைவதற்கு வேண்டிய நுழைவுச் சீட்டாகவே அது இயற்றப்பட்டது எனலாம்.

நாடகப் படைப்பும் நடிப்பும்

இலக்கணத்துக்கு முன்பே இலக்கியம் பிறந்திருந்தது. காணாமற்போன மகள் என்னும் மறுபெயர் கொண்ட ரூபாவதி 1895இல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் கலாவதி தொடர்ந்தது. இரண்டும் அங்கம், களம் என்னும் பகுப்புடையவை, வாசகமும் செய்யுளும் விரவியவை, கற்பனைக் கதைகள். சேக்சுபியரின் இன்பியல் நாடகங்களைப் படித்தவர் இவற்றில் அறிமுகமான திருப்பங்கள் பலவற்றைக் காண்பர்.

அவர் தம் நாடகங்களில் தாமே நடித்தார் என்றும், கலாவதியில் பெண்வேடம் பூண்டார் என்றும் வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. ஆண்கள் பெண்வேடம் ஏற்பது அக்கால மேடையில் இயல்பே. கல்லூரித் தமிழ்த்துறைத் தலைவர் ஒருவர் ஏற்பது இயல்பன்று. கூத்தாடி என்பது வசைச்சொல்லாக வழங்கிய சமூகத்தில், மாணவர் முன் மதிப்போடு நிற்க வேண்டிய பதவியில் இருந்துகொண்டு அதைச் செய்தார். ஆசிரியரே பாத்திரமாகி வகுப்புக்குள் நிற்றல் இன்றைய படைப்பாக்க நாடக முறையின் முதன்மையான உத்திகளுள் ஒன்று. ஆசிரியர் தம் அதிகாரத்தைச் சற்று நேரம் கழற்றி வைத்தாலன்றி மாணவர் வாய் திறவார் என்பது அதன் அடிப்படை. அக்கோட்பாடு சாஸ்திரியார்க்குத் தெரிந்திருக்க வழியில்லை. நாடகம் கற்பிப்பவர் நடிக்க அஞ்சலாகாது என்பதைத் தம் செயலால் காட்டினார் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

அவர் முறை விலகும் இடத்தையும் மறைத்தல் கூடாது. படைப்பாக்க நாடகத்தில் உரையாடல் மாணவருடையது. கதைக்கரு மட்டும் தரப்படும், அவர்கள் பேசிப் பேசி உருவாக்குவர், பார்வையாளர் தேவையில்லை, ஒப்பனை தேவையில்லை. சாஸ்திரியார் நாடகங்களிலோ ஒவ்வொரு சொல்லும் புலவர் யாத்த செந்தமிழ்ச் சொல். பணிமகளும் காவலனும் இலக்கணம் வழுவாது பேசுவர். மனப்பாடம் செய்யாமல் அதை நடித்தல் அரிது. மனப்பாடம் செய்தபின் மாணவரின் சொந்தச் சொல்லுக்கு அங்கே இடமில்லை. தமிழ்த்துறைக்குள் நாடகத்தை மதிப்போடு கொணர அவர் செந்தமிழை நாடினார். அச்செந்தமிழே மாணவரை நாடகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தியது. இம்முரண் அவருடைய குறையென்று மட்டும் சொல்லிவிட இயலாது. தமிழ்க் கல்வியில் இன்றளவும் தீராத முரண் இது. பேச்சுத் தமிழில் நடிக்கும் மாணவர்க்கு மதிப்பெண் தருவதா என்னும் தயக்கம் தமிழாசிரியரிடம் இன்றும் உண்டு.

1902, 1903

ஏனைய பணிகளை இங்குச் சுருங்கச் சொல்லலாம். மு.சி. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து ஞானபோதினி இதழில் பங்காற்றினார். ஆங்கிலச் சானெட்டு வடிவைத் தழுவித் தனிப்பாசுரத்தொகை இயற்றினார், அதனைப் பரிதிமாற் கலைஞர் என்னும் புனைபெயரில் வெளியிட்டார், ஜி.யு. போப் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சி.வை. தாமோதரம் பிள்ளை அவருக்குத் திராவிட சாஸ்திரி என்னும் பட்டம் வழங்கினார். 1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை விலக்கும் முயற்சி எழுந்தபோது பூரணலிங்கம் பிள்ளையும் அவரும் ஆட்சிக்குழுவினரைத் தனித்தனியே கண்டு வாதாடினர், அம்முயற்சி கைவிடப்பட்டது. தமிழ் மொழியின் வரலாறு 1903இல் வெளிவந்தது. எலும்புருக்கி நோய் அவரைப் பற்றியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் கல்வியுலகம் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதே வினாவுக்குரியது. மொழிவரலாறு பாடமாயிற்று, செம்மொழிக் கருத்து இயக்கமாயிற்று, 2004இல் நடுவணரசின் அறிவிப்பாகவும் ஆயிற்று. நாடகவியலோ நாடக வரலாற்றுத் தாளில் ஐந்து மதிப்பெண் குறிப்பாக நின்றது. நாடகத்துக்கு இலக்கணம் செய்தவர் என்னும் தகவலை மாணவர் எழுதுகின்றனர். அதை எழுதும் வகுப்பில் யாரும் எழுந்து நடிப்பதில்லை. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, இசை, நடனம், காட்சிக்கலை ஆகியவற்றோடு நாடகத்தையும் பள்ளிக்குரிய கலையாக வைத்தது. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் சிறு வகுப்புகளில் இடம்பெற்றன. மேல்வகுப்புத் தமிழ்ப் பாடத்தில், அதிலும் சங்க இலக்கியம் கற்பிக்கப்படும் இடத்தில், அவ்வொளி இன்னும் எட்டவில்லை.

மானவிசயமும் திருச்சிராப்பள்ளி வகுப்பறையும்

அவ்விடத்துக்கு மிகப் பொருந்துவது அவருடைய இறுதி நாடகமாகிய மானவிசயம். 1902இல் வெளிவந்த இதன் கதை, களவழி நாற்பதின் பின்னணியாகிய சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணான் பகையைத் தழுவியது. முதலிரு நாடகங்களின் கற்பனைக் கதையை விட்டுச் சங்கம் சார்ந்த வரலாற்றுக்கு அவர் வந்ததே வளர்ச்சி. ஏனைய இரண்டைவிட இதுவே மேலானது; நடிப்புக்குரிய முரண் இதில் கதையின் உள்ளேயே இருக்கிறது.

போரில் தோற்ற சேரன் குடவாயிற் கோட்டத்தில் சிறைவைக்கப்படுகிறான். நீர்வேட்கையால் காவலனிடம் தண்ணீர் கேட்கிறான். காலந்தாழ்த்திக் கொண்டுவரப்பட்ட நீரை ஏற்காமல் உயிர் துறந்தான் என்பது புறநானூற்று 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு தரும் செய்தி. புலவர் பொய்கையார் களவழி பாடி அவனை மீட்டார் என்பது மற்றொரு மரபு. ஒரே நிகழ்ச்சிக்கு இரு முடிவுகள். இலக்கிய வரலாற்றாசிரியர்க்கு இது சிக்கல். வகுப்பறை நாடகத்துக்கு இதைவிட நல்ல கரு கிடைத்தல் அரிது.

திருச்சிராப்பள்ளி மாணவர்க்கு இக்கதையில் இன்னொரு மடிப்பும் உண்டு. செங்கணான் அவர்களுக்கு அயலான் அல்லன். திருவரங்கத் தீவிலேயே உள்ள திருவானைக்காக் கோயிலை எடுத்தவனாகப் போற்றப்படுபவன். முற்பிறப்பில் சிவலிங்கத்தின்மேல் வலைபின்னிய சிலந்தி என்று தலபுராணம் சொல்லும் கோச்செங்கட்சோழன். பெரியபுராணத்தின் நாயன்மார்களுள் ஒருவன். திருநறையூர்ப் பாசுரத்தில் திருமங்கையாழ்வாராலும் பாடப்பட்டவன். இவர்கள் அனைவரும் ஒருவரே என்பதில் ஆய்வாளரிடையே ஐயம் உண்டெனினும், மரபு ஒருவராகவே கொள்கிறது. கோயிலில் அடியாராகக் கண்டவனை மாணவர் பாடநூலில் பகைவனைச் சிறையிட்டவனாகக் காண்கின்றனர். உறையூர்ச் சோழனின் பக்கம் நிற்பதா, தண்ணீர் கேட்ட சேரனின் பக்கம் நிற்பதா என்னும் தடுமாற்றத்தை எந்த உரையும் விளக்கிவிட முடியாது. நடித்தே அறிய வேண்டும்.

செய்யுள் நடிப்பாக மாறும் முறையையும் அவ்வூர் மாணவர் அறியாதவர் அல்லர். திருவரங்கத்தில் மார்கழித் திருநாளில், பகல்பத்தின்போது அர்ச்சுன மண்டபத்திலும் இராப்பத்தின்போது ஆயிரங்கால் மண்டபத்திலும் அரையர் சேவை நிகழ்கிறது. குல்லாயும் தாளமும் கொண்டு அரையர் பாசுரத்தை முதலில் பாடுகிறார். பின் அதையே அபிநயிக்கிறார். பின் வியாக்கியானம் சொல்கிறார். பாட்டு, நடிப்பு, உரை என்னும் இம்மூன்றும் ஒருவரிடமே இணைந்திருப்பது முத்தமிழின் எஞ்சிய வடிவம். தமிழ் வகுப்பறை இவற்றுள் உரையை மட்டும் வைத்துக்கொண்டது.

மானவிசயத்தின் செய்யுள் நடையை இன்றைய மாணவர் அப்படியே பேசி நடித்தல் கடினம். பேச வேண்டியதும் இல்லை. நாடகத்தை ஆசிரியர் படித்துக்காட்டிக் கதைநிலையை மட்டும் மாணவரிடம் தரலாம். சிறைக்கதவின் இருபுறமும் இருவர்; இடையே ஒரு குவளை நீர். காவலன் ஏன் தாமதித்தான் என்பதை எந்தப் பழம்பாட்டும் சொல்லவில்லை. அரச ஆணையா, ஏளனமா, மறதியா, கிணறு தொலைவா? அவ்விடைவெளியை மாணவர் தம் சொற்களால் நிரப்ப வேண்டும். ஒருவர் ஆணைக்கு அஞ்சியவனாகவும், ஒருவர் போரில் உடன்பிறந்தானை இழந்தவனாகவும் அக்காவலனை நடிப்பர். சேரனாக நிற்பவர் குவளையைப் பெற்றுக்கொள்வதா மறுப்பதா என்பதை அந்நொடியில்தான் தீர்மானிப்பார். அதன்பின் புறநானூற்றுப் பாட்டைப் படித்தால், குழந்தை இறந்து பிறப்பினும் வாளால் போழும் மறக்குடியின் வழக்கத்தை அவன் அங்கே ஏன் நினைத்துக்கொண்டான் என்பதற்குப் பதவுரை வேண்டியதில்லை.